பதினான்கு தீவு தூரம்

அல்ஜுனிட் ரயில் நிலையக் கட்டணக் கதவருகே
அவரை நிறுத்திவிட்டார்கள்.
கையில் வெள்ளைப் பெட்டி, மூன்று சுற்று பிளாஸ்டிக்;
வாசனை அவருக்கு முன்னால் நடந்து வந்து
காட்டிக் கொடுத்துவிட்டது.
“டுரியான் உள்ளே கூடாது, அங்கிள்.”
சொன்ன ஊழியைக்கு இருபது வயதுகூட இராது.
மன்னிப்புக் கேட்பது போலச் சட்டம் சொன்னாள்.

அட்டையைத் தட்டப் போன கை
பாதியில் நின்றது எனக்கு.

விந்தூக்கில் மண்ணியல் படித்த வருடம்.
விடுதி அறையில் என்னோடு இருந்தவள் நங்குலா.
“நம் குலமா?” என்று அம்மா
ஈசூனிலிருந்து ஃபோனில் கேட்டாள்.
சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் விடுமுறைக்கு அவள் ஊர், ஒண்டாங்வா.
வடக்கே எழுநூறு கிலோமீட்டர்.
தீவுக்காரிக்கு அந்த எண் எதுவும் சொல்லவில்லை.
பாசிர் ரிஸ் முதல் துவாஸ் வரை ஒரு தீவு;
அந்த அளவில் எண்ணிக்கொண்டே போனேன்.
மூன்றாவது தீவில்தான் சாலை ஒருமுறை வளைந்தது.
ஐந்தாவதில் டயர் வெடித்தது.
இறங்கிக் கால் ஆற்றிய நேரத்தில்
ஒரு பபூன் என் இடது சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய்
பாறைமேல் உட்கார்ந்து
நக்கிப் பார்த்து, முகம் சுளித்து,
ஆனாலும் திருப்பித் தரவில்லை.

மீதி விடுமுறை முழுக்க
நங்குலாவின் தம்பியுடைய பந்தாட்டச் சப்பாத்து.

காலையில் அந்த வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள்:
“வா லாலா போ?”
வரச் சொல்கிறார்களா, போகச் சொல்கிறார்களா?
வாசலில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே நின்றேன்.
நன்றாகத் தூங்கினாயா என்று அர்த்தமாம்.
மூன்று நாள் சிரித்தார்கள் அதற்கு.

திரும்பும்போது மடியில் ஆட்டுக்கறி,
அவள் அம்மா கட்டிக் கொடுத்தது, ஈரம் காயாதது.
ஓஷிவேலோ வந்தது.
பெயரிலேயே வேலி கேட்டது எனக்கு.
இருந்தது:
மாட்டுநோய் தெற்கே இறங்காதிருக்க
நாட்டின் குறுக்கே இழுத்த கம்பி.
பச்சைக் கறி தாண்டக் கூடாது.
சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு
நாங்கள் மட்டும் தாண்டலாம்.

ஓட்டுநர் ஃபிலேமோன் சாவியைத் திருகி வண்டியை அணைத்தார்.
“வயிற்றுக்குள் இருப்பதை எவனும் சோதிக்க மாட்டான்.”
அவ்வளவுதான்.
யாரோ முள்விறகு பொறுக்கினார்கள்,
யாரோ கூரையிலிருந்து இரும்புச் சல்லடை இறக்கினார்கள்,
பைபிளை மடியிலிருந்து எடுக்காமலே
ஒருத்தி வெங்காயம் நறுக்கினாள்.
என்னிடம் தேக்காவில் வாங்கிய கறிப்பொடி, அரைப் பொட்டலம்.
பதினாறு பேர், ஒரு ஆட்டுத் தொடை,
கம்பிக்கு வடக்கே, புகையில் கண் கசக்கியபடி.
தடுத்த அதிகாரியும் வந்தார்.
முதலில் வேண்டாம் என்றார்.
பிறகு இரண்டு முறை காரம் என்றார்.
மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

அல்ஜுனிட்டில் அந்த மனிதர்
வெளியே மிதிவண்டிகளுக்குப் பக்கத்தில் படியில் அமர்ந்து
பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
சட்டையில் ருஸ்லான் என்று தைத்திருந்தது.
துவாஸில் வேலை, பன்னிரண்டு மணிக்கு;
தனியாக முடிக்க முடியாது, எறியவும் மனமில்லை.
“மாரி, மாக்கான்,” என்றார்
பொதுவாக, காற்றைப் பார்த்து.

நான் ரயிலை விட்டேன்.
தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள்,
பள்ளிச் சீருடையில் ஒருவன்
மூக்கைப் பிடித்துக்கொண்டே ஒரு சுளை வாங்கினான்.
உள்ளே கதவருகில் அவள்
எங்களைப் பார்க்காதது போலப் பார்த்தாள்.
போய்க் கேட்டேன்: இடைவேளை எப்போது?
பதினொன்றரை.
ஒரு சுளையை மூடி வைத்தோம்.

விரல் பிசுபிசுக்கப் படம் எடுத்து நங்குலாவுக்கு அனுப்பினேன்.
இங்கே பதினொன்று. அங்கே ஐந்து, இருட்டு, குளிர்.
எழுப்பிவிட்டு இதைக் கேட்பது நியாயமில்லை;
இருந்தாலும் கேட்டேன்:
வா லாலா போ?